வண்டியில் தூங்கியவள்

சலவைக்கடையின் பின்னறையில் துணி மடிக்கும் மேசை ஒன்று இருந்தது. இரட்டைக் கட்டில் விரிப்பை முழுதாக விரித்துப் போட்டாலும் நாலு பக்கமும் ஓரம் மிஞ்சும். வார நாட்களில் அதன்மேல் விடுதி விரிப்புகளும் மருத்துவமனைத் தலையணை உறைகளும் மலைபோல் ஏறி இறங்கும். ஞாயிறு மதியம் கடைக் கதவைச் சாத்தியதும் அதே மேசை காடாகிவிடும், ஆறாகிவிடும், கல் அரக்கர்கள் காவல் காக்கும் கணவாயாகிவிடும்.

அங்கே கதை சொல்பவள் கடைக்காரம்மாவின் நடுப் பெண். அதனால் அவளுக்குப் பெயரே கதைக்காரி என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ கைவசம் வைத்துக்கொண்டு, அவள் சொல்லும் இடத்தில் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். பள்ளத்தைத் தாண்ட முடியுமா, பூட்டு திறக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் பிழைத்தார்கள்.

இந்த ஆட்டம் அவர்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. யாரோ வெளுக்கப் போட்ட மேலங்கியின் உள்பையில் விதிப் புத்தகம் ஒன்றும் அந்தப் பகடையும் இருந்தன. பையைத் துழாவிப் பார்க்க வேண்டியது தம்பியின் வேலை. அவனுக்கு அப்போது எட்டு வயது. பார்த்துவிட்டதாகத் தலையாட்டினான். மேலங்கி இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தபோது பாதிப் புத்தகம் மாவாகியிருந்தது. மேலங்கிக்கு உரியவர் கடைசிவரை வரவேயில்லை. மிஞ்சிய பக்கங்களை அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டுக் காயவைத்தாள். சண்டை போடும் விதிகளும் பேய்களின் பட்டியலும் பிழைத்தன. மீதியை அவர்களே ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்படி ஆக்கியதில் இரண்டு விதிகள் மட்டும் கல்வெட்டாக நின்றுவிட்டன.

ஒன்று கதைக்காரியுடையது. மேசையில் சொன்னது சொன்னதுதான். தம்பியின் முதல் வீரன், கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் குதித்தான். "குதிக்கிறேன்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "இல்ல இல்ல, எட்டிப் பாக்குறேன்" என்று கத்தினான். கதைக்காரி மசியவில்லை. வீரன் போய்ச் சேர்ந்தான். தம்பி அன்று முழுக்க அழுது, சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். அடுத்த வாரம் கொண்டுவந்த புது வீரனுக்கு, இவனை யாரும் அசைக்க முடியாது என்று காட்டுவதற்காக, மகாபயங்கரன் என்று பெயர் வைத்தான். இப்போது மின்சாதனக் கடையில் விற்பனையாளனாக நிற்கும் பத்தொன்பது வயதுத் தம்பி, அந்தப் பெயரை எங்கும் வாய் திறந்து சொல்வதில்லை.

இன்னொரு விதி அக்காவுடையது. பக்கத்துத் தெருவிலிருந்து விளையாட வரும் கூட்டாளிக்கு ஒருமுறை அம்மை போட்டிருந்தது. அவன் இல்லாமல் அவனுடைய மந்திரவாதியை என்ன செய்வது? அதற்கான விதி இருந்த பக்கமும் மாவாகிப்போனவற்றில் ஒன்று. அக்கா ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்தாள். "இதுதான் நம்ம வண்டி. வராதவங்க வண்டியில தூங்குறாங்க. அவ்வளவுதான். யாரும் எழுப்பக்கூடாது, யாரும் அவங்களுக்காக முடிவெடுக்கக்கூடாது" என்றாள். அவர்களுடைய ஆட்கள் எல்லாம் பொத்தான்கள்தான். சலவையில் தெறித்த பொத்தான்கள் கடையில் டப்பா டப்பாவாக உண்டு. மந்திரவாதியின் கறுப்புப் பொத்தானைத் தீப்பெட்டிக்குள் படுக்கவைத்துப் பாதி மூடினாள். வீட்டில் ஞாயிறு மதியம் அப்பா குறட்டை விடும்போதெல்லாம், "வண்டியில இருக்கார்" என்று சொல்வது அன்று தொடங்கிய பழக்கம்.

அக்காவின் ஆள் ஒரு பூட்டுக்காரி. எந்தப் பூட்டையும் திறப்பாள், எந்தச் சுவரையும் தாண்டுவாள், பகிர்ந்துகொள்ளும்போது மட்டும் கணக்கில் தடுமாறுவாள். பச்சைக் கண்ணாடிப் பொத்தான், ஓரத்தில் ஒரு சில்லு உடைந்தது.

அக்கா படிப்பை முடித்துச் சரக்குக் கப்பலில் மின்பணிக்குப் போனாள். போகிற வாரம் பச்சைப் பொத்தானைத் தன் கையாலேயே தீப்பெட்டிக்குள் வைத்தாள். "நல்லா மூடி விடுங்க, கொசு கடிக்கும்" என்றாள். அப்புறம் ஒரு வருடம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கப்பல் விடுமுறை கிடைத்தால் வேறு ஊரில் ஏதாவது பயிற்சி இருக்கும். தொலைபேசி முதலில் வாரம் தவறாமல் வந்தது, பிறகு வரும்போது வந்தது.

ஒருநாள் மாலை, வாடிக்கையாளர்களின் அடையாளச் சீட்டுகளைக் கதைக்காரி எண்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"வெள்ளிக்கிழமை வர்றேன்டி. அஞ்சு நாள் இருப்பேன்."

"நிஜமாவா? அம்மாகிட்ட சொன்னியா?"

"அவகிட்ட சொன்னா இப்பவே வாசல்ல வந்து நின்னுடுவா. அதை விடு, இதைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை ஆட்டம் உண்டுதானே?"

"உண்டு. கோபுரத்து வாசலுக்கு வந்தாச்சு. கதவைத் திறக்கறதுதான் பாக்கி."

"அடிப்பாவி, பூட்டுக்காரி இல்லாம கதவைத் திறக்கப் பாத்தீங்களா? என் ஆளு இன்னும் வண்டியிலதானே இருக்கா? யாரும் எழுப்பலையே?"

"யாரும் எழுப்பல" என்றாள் கதைக்காரி.

"அது போதும்" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "கப்பல்ல படுத்திருக்கும்போது சில நாள் நினைச்சுக்குவேன். நான் எங்க இருந்தாலும் அங்க ஒருத்தி தூங்கிட்டிருக்கான்னு. சரி, வெள்ளிக்கிழமை பாப்போம்."

அழைப்பு முடிந்ததும் கதைக்காரி பொத்தான் டப்பாவைத் திறந்தாள். மகாபயங்கரனின் பெரிய மரப் பொத்தான் இருந்தது. மந்திரவாதியின் கறுப்பு இருந்தது. பகடை இருந்தது. தீப்பெட்டி இல்லை. கீழ்த்தட்டில், கதையைவிட்டுப் போன பொருள்களைப் போட்டு வைக்கும் பழைய சோப்புத்தூள் டப்பா இருந்தது. உடைந்த வாள், விற்ற குதிரை, செத்த ராஜா எல்லாம் அதற்குள் போவது வழக்கம். திறந்தாள். தீப்பெட்டி அங்கே இருந்தது. குலுக்கினாள். உள்ளே ஏதோ உருண்டது.

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை ஞாயிறு. ஆற்றங்கரை. படகுக்காரன் அக்கரைக்குப் போகக் கூலி கேட்டான். மந்திரவாதிக்குக் கையிலிருந்து எதுவும் கழலாது. "அக்கரையில வெறும் மலைதானே? மலையில வண்டி ஏறுமா? வண்டியைக் குடுத்துடலாம்" என்றான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள், என்ன மூளை என்ன மூளை என்று. படகுக்காரனாகப் பேசியது கதைக்காரிதான். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள், அச்சு உறுதியா என்று கேட்டாள், நுகத்தடியில் விரிசல் இருக்கிறது என்று குறை சொன்னாள். எந்தப் பந்தம் எவ்வளவு எரிந்தது, யார் காலில் எந்தக் காயம் என்று வாரக்கணக்கில் மறக்காமல் வைத்திருப்பவள் அவள். உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை தம்பியையும் கூட்டாளியையும் பின்னறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். கூட்டாளி இப்போது பல் மருத்துவமனை ஒன்றுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறான். அவனுக்குப் பல்செட்டு என்று பெயர் வைத்தது தம்பி.

பல்செட்டு முதலில் சிரித்தான். கதைக்காரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கலவரம்? வண்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடியே என் மந்திரவாதி அவளைத் தூக்கிப் பையில போட்டுக்கிட்டான். சின்னதா ஆக்கிட்டான். முடிஞ்சது கதை."

"நீ அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொன்னேன்னு வச்சுக்கோ. அக்காவுக்கு எப்படித் தெரியும்? நாம மூணு பேர்தானே இருந்தோம்."

கதைக்காரிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அக்கா சிரிப்பாள், பச்சைப் பொத்தான் பையிலிருந்து குதித்து வரும், எல்லோருமாகக் கதவைத் திறப்பார்கள். அஞ்சு நாளைக்கு வருகிறவளிடம், உன்னை வெங்காயம் மாதிரித் தூக்கிக் கொடுத்துவிட்டோம், இரண்டு வருடமாக யாரும் கவனிக்கவே இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தம்பி மேசை விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நான் கிணத்துல குதிச்சேன்" என்றான்.

"டேய், அது எப்பவோ நடந்தது."

"எட்டிப் பாக்குறேன்னுதான் சொல்ல வந்தேன். ரெண்டு செகண்டு. அதுக்குக்கூட நீ விடலை. எட்டு வயசு எனக்கு. சொன்னது சொன்னதுதான்னே. சரின்னு ஏத்துக்கிட்டேன். இப்ப ரெண்டு வருஷம் கழிச்சு மாத்தலாம்னா, அப்ப அவன் எதுக்குச் செத்தான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது.

பல்செட்டு தலையைச் சொறிந்தான். "மகாபயங்கரன் பேசினா பேச்சுதான்" என்றான். தம்பி அவன்மேல் ஒரு தலையணை உறையை எறிந்தான்.

கதைக்காரிக்கு எதையும் சட்டென்று முடிவு செய்யத் தெரியாது. ஒரு பக்கம் யோசித்து முடித்ததும் மறுபக்கத்திலிருந்து மறுபடி தொடங்குவாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கை முழுக்கச் சின்னச் சின்னத் தீத்தழும்புகள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "என்னடி, எலும்பா வந்து நிக்கிறே" என்றாள். பிறகு பரபரவென்று உள்ளே போய், வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருக்கும் புதுத் துண்டுகளில் ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். அக்கா அதை வாங்கி ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தாள்.

"என் நீலத் துண்டு எங்கம்மா?"

"அது நைஞ்சு போச்சு. மிஷினு துடைக்கப் போட்டுட்டேன்."

அக்காவின் கட்டில்மேல், உரியவர் வராத துணி மூட்டைகள் கூரை வரை ஏறியிருந்தன. அவள் வருவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் நினைத்து, எல்லோரும் மற்றவர் இறக்குவார் என்று விட்டிருந்தார்கள். அப்பாவும் தம்பியும் அவசரமாகத் தூக்க ஓடினார்கள். அக்கா வாசற்படியில் நின்றபடி, "இருக்கட்டும்ப்பா, மூட்டைங்க முன்னாடி வந்துச்சு, நான் பின்னாடிதானே வந்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலைக்குள் கத்தரிக்கோல் எங்கே, விளக்கு சுவிட்சு எது, இந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாளோ தெரியாது. ஒவ்வொரு முறையும், "விருந்தாளி மாதிரி கேக்கிறேன் பாரு" என்று தானே சொல்லிக்கொண்டாள்.

கதைக்காரி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அக்காவுடைய இடம் ஒவ்வொன்றாகக் கரைந்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கரையாமல் இருப்பதாக அவள் நம்பிக்கொண்டு வந்தது ஒரு தீப்பெட்டிதான்.

ஞாயிறு மதியம் கடையைச் சாத்தினார்கள். உலர்த்தும் இயந்திரத்தில் விடுதி விரிப்புகளின் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அறை வெதுவெதுப்பாக, சோப்பு வாசனையாக இருந்தது. அம்மா மூலையில் சட்டைக் கழுத்துப்பட்டைகளுக்கு நீராவி விட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆடுவதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அந்த மூலையை விட்டு அவள் நகர்ந்ததுமில்லை.

மேசையின் ஒரு கோடியில் சோப்புப்பெட்டிகளை அடுக்கிக் கோபுரம் எழுப்பியிருந்தார்கள். அதன் வாசலில் மரப் பொத்தானும் கறுப்புப் பொத்தானும் நின்றன. அக்கா கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி, எழுப்புங்க என்னை. எங்க வண்டி?"

கதைக்காரி சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். கோபுரத்தின் அருகே வைக்கவில்லை. எழுந்து நடந்து மேசையின் மறுகோடிக்குப் போய், அங்கே வைத்தாள். அக்காவின் கண் தீப்பெட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவே போய் வந்தது.

"நீ கண் விழிக்கிறாய்" என்று தொடங்கினாள் கதைக்காரி. கதை சொல்லும்போது அவள் குரல் எப்போதும் புத்தகத் தமிழுக்கு ஏறிவிடும். "வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னைச் சுற்றி வெங்காய மூட்டைகள். வயிற்றின்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுபவனின் முதுகு தெரிகிறது. அவன் யாரென்று உனக்குத் தெரியாது."

"இவங்கல்லாம் எங்க?"

"இல்லை."

"முன்னாடி போறாங்களா?"

"இல்லக்கா." குரல் புத்தகத்திலிருந்து கீழே இறங்கிவிட்டது. "ஆத்தைக் கடக்கறதுக்கு வண்டியைக் குடுத்துட்டோம். படகுக்காரன்கிட்ட. ரெண்டு வருஷமாச்சு."

"என்னையும் சேத்தா?"

"உன்னையும் சேத்து."

உலர்த்தும் இயந்திரம் சுற்றியது. ஏதோ ஒரு பித்தளை ஊக்கு உள்ளே டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்கும் ஞாபகம் வரலையா?"

"வரல."

"உனக்குமா?"

"நான்தான் படகுக்காரன். சக்கரத்தையெல்லாம் தட்டிப் பாத்தேன். உள்ள பாக்கல. அப்புறமும் பாக்கல. நீ போன் பண்ணின அன்னிக்குத்தான் பாத்தேன்."

பல்செட்டு பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தான். யோசனை சொன்னது நான்தான் என்று வாயெடுத்தான். தம்பி மேசைக்கடியில் அவனை உதைத்தான்.

அக்கா எழுந்துகொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக உலர்த்தும் இயந்திரத்திடம் போய், அது நிற்கும்வரை அதன் முன்னாலேயே நின்றாள். நின்றதும் ஒரு விரிப்பை இழுத்து எடுத்தாள். சூடான வெள்ளை விரிப்பு தரையைத் தொட்டுவிடாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். தனியாக மடிக்க முடியாத அளவு பெரியது. கதைக்காரி போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் சின்ன வயதிலிருந்து மடித்த மடிப்பு. வாயால் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. உதறினார்கள், நீளவாக்கில் ஒன்றாக்கினார்கள், இழுத்துச் சுருக்கம் எடுத்தார்கள். பிறகு இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்தார்கள். கதைக்காரி தன் முனையை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடித்தாள்.

"பொய் சொல்லியிருக்கலாமே" என்றாள் அக்கா, மெல்ல. "பைக்குள்ள இருந்தேன், பரண்ல இருந்தேன்னு ஏதாவது. நான் நம்பியிருப்பேன்."

"நினைச்சேன். பல்செட்டு ஒண்ணு தயார் பண்ணியே வச்சிருந்தான்."

"அப்புறம்?"

"தம்பி கிணத்துல குதிச்சானே."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு கோபுரத்து வாசலில் மரப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். உதடு ஓரம் துடித்தது.

"அன்னிக்கு நான்தான் அவனுக்கு ஊட்டி விட்டேன், தெரியுமா? அழுதுக்கிட்டே தின்னான்."

"சோறு வேண்டாம்னுதானே படுத்தான்?"

"உன் முன்னாடிதான் வேண்டாம்னான்."

அவர்கள் இன்னொரு விரிப்பை எடுத்தார்கள். அதுவும் முடிந்ததும் அக்கா அதைத் தட்டி அடுக்கில் வைத்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கோழி இன்னும் வயித்து மேலயா இருக்கு?"

"இருக்கு."

"இறக்கி விடுறேன். மெதுவா. ஓட்டுறவன்கிட்ட கேக்கிறேன், ஐயா, நீங்க யாரு, இது எங்க போற வண்டி?"

கதைக்காரி படகுக்காரனானாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "எந்திரிச்சிட்டீங்களாம்மா? வண்டியை வாங்கி, அக்கரை போய்த் திரும்பி வந்த பிற்பாடுதான் பாத்தேன், உள்ள ஓர் ஆளு. திருப்பிக் குடுக்கலாம்னா உங்காளுங்க மலை ஏறிட்டாங்க. எழுப்பலாம்னா, எழுப்பக்கூடாதுன்னு கதவுல எழுதியிருந்துச்சு. சந்தைக்குச் சந்தை உங்களையும் ஏத்திக்கிட்டுத்தான் போறேன். வெயில் பட்டா சாக்கு போட்டு மூடுவேன்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "நல்ல மனுஷன். இவங்களுக்கு இவன் தேவலை."

அப்போதுதான் தம்பி தன் மரப் பொத்தானைத் தூக்கினான். கோபுரத்துக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தான்.

"மகாபயங்கரன் திரும்பிப் போறான்" என்றான்.

"எங்கடா?"

"அக்காவைக் கூட்டிட்டு வர. ரெண்டு மலை, ஓர் ஆறு. போயிட்டு வந்து கதவைத் திறப்போம்."

பல்செட்டு கண்ணை மூடித் திறந்தான். அந்தக் கோபுரத்துக்கு வந்து சேர அவர்கள் பள்ளிக்கூடமே முடித்திருந்தார்கள். "எண்ணெய் தீந்துடும். கயிறு அந்துபோய்க் கிடக்கு" என்று முணுமுணுத்தான். பிறகு பெருமூச்சு விட்டுக் கறுப்புப் பொத்தானையும் திருப்பி வைத்தான். "யோசனை என்னுது. நடந்துதானே ஆகணும்."

அக்கா இரண்டு பொத்தான்களையும் பார்த்தாள். அவ்வளவு நேரம் வராதது அப்போது வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் எட்டி, இரண்டையும் மறுபடி கோபுரத்தைப் பார்க்கத் திருப்பினாள்.

"அங்கேயே இருங்க. நான் வர்றேன்."

"அக்கா, நீ புதன்கிழமை போறே."

"போறேன். பூட்டுக்காரி போகல." தீப்பெட்டியைத் திறந்தாள். சில்லு உடைந்த பச்சைப் பொத்தானை எடுத்துச் சட்டையில் துடைத்து, மேசைமேல் வைத்தாள். "வண்டி உங்களது ஐயா, பேரம் பேசி வாங்கினது. நான் இறங்கிக்கிறேன். ஒரே ஒரு வெங்காயம் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கங்கம்மா" என்றான் படகுக்காரன்.

"ரெண்டு எடுத்துக்கிறேன்" என்றாள் பூட்டுக்காரி. எல்லோரும் ஒரே குரலில் ஓவென்று கத்தினார்கள்.

மேசை விளிம்பில் திரைச்சீலை அளக்கும் நாடா ஒன்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒட்டியிருந்தது. அதையே சாலை என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பகடை. எத்தனை எண் விழுகிறதோ அத்தனை விரற்கடை நடை. அதுவரை மற்ற இருவரும் கோபுரத்து வாசலில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்கள், கதவைத் தொடமாட்டார்கள். அக்கா தன் கையாலேயே முதல் பகடையை உருட்டினாள். மூன்று விழுந்தது.

"மூணு விரற்கடைக்கு இவ்வளவு கூத்தா" என்றாள் அம்மா, மூலையிலிருந்து.

"தூங்கி எந்திரிச்ச காலும்மா. மரத்துப் போயிருக்கு."

அப்படியாக அக்காவின் பழைய விதியை அக்காவே எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த மேசையில் வராதவர்கள் தூங்குவதில்லை. நடக்கிறார்கள்.

புதன்கிழமை அவள் போனாள். பகடையையும் கொண்டுபோனாள். வாடகைக்கு எடுத்ததாகச் சொன்னாள். இவர்கள் ஒரு புதுப் பகடை வாங்கிக்கொண்டார்கள். அம்மா கட்டில்மேல் மூட்டைகளைத் திரும்ப ஏற்றவில்லை. அவற்றைக் கொண்டுபோய் அப்பாவின் சாய்வு நாற்காலியில் அடுக்கினாள். இப்போது அப்பா தூங்க இடம் தேடி அலைகிறார்.

ஞாயிறுதோறும் தொலைபேசிக்கு ஓர் எண் வருகிறது. கடலில் சிக்னல் இல்லாத வாரம் வராது. மறுவாரம் இரண்டாகச் சேர்த்து வரும். எண்ணோடு சில சமயம் ஒரு வரியும் இருக்கும். மழையாம், ஒரு கழுதையிடம் வழி கேட்டாளாம், இரண்டாவது வெங்காயத்தைத் தின்றுவிட்டாளாம். கதைக்காரி பதிலுக்கு வானிலையையும் நெருப்பின் நிலவரத்தையும் அனுப்புவாள்.

ஒரு ஞாயிறு, ஒன்று என்று வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் ஒன்று.

"இருபதுன்னு அனுப்பக்கூடாதா?" என்றான் பல்செட்டு. "யாரு பாக்கப் போறா அங்க?"

"அவ அனுப்ப மாட்டா" என்றான் தம்பி.

கதைக்காரி பச்சைப் பொத்தானை எடுத்து நாடாவில் ஒரு விரற்கடை தள்ளி, உடைந்த சில்லு முன்பக்கம் வரும்படி நேராக வைத்தாள். இன்னும் கோபுரம் எட்டத்தில் இருந்தது. ஆட்டம் முடிந்து தம்பியும் பல்செட்டும் முன்னறைக்குப் போனார்கள். அவள் விரிப்பு அடுக்கை அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அதன் கண்ணாடிக் கதவில் பின்னாலிருந்த மேசை தெரிந்தது.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூலையிலிருந்து வந்தாள். மேசைமேல் இல்லாத தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். பச்சைப் பொத்தான் அருகில் வந்ததும் கை நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தாள். சுண்டுவிரலால் அதைக் கோபுரத்துப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம்.

கதைக்காரி வாய் திறந்தாள். எண் ஒன்றுதான். அந்த மேசையில் ஒரு விரற்கடைகூட அவள் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை, எட்டு வயதுத் தம்பிக்குக்கூட.

ஆனால் சொன்னதுதானே சொன்னது. அம்மா எதுவும் சொல்லவில்லையே.

அவள் வாயை மூடிக்கொண்டு, அலமாரிக்குள் தலையை நன்றாக விட்டு, விரிப்புகளை ஓரம் சமமாக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.